ஊர்சுத்தி: உங்க வயசுல ஒரு நிலம்!



உங்க கிளாஸ்ல 2007ல பிறந்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் கையைத் தூக்குங்க. அதே வருஷம் ஏப்ரல் மாசம் இந்தியப் பெருங்கடல்ல ஒரு துண்டு நிலமும் பிறந்துச்சு. அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் அந்த இடத்துல கடல்தான். மீன் ஓடிட்டு இருந்த இடம். இப்போ அதுமேல நின்னு போட்டோ எடுத்துக்கலாம். நான் எடுத்துக்கிட்டேன். ஆனா அந்தப் போட்டோவுக்கு முன்னாடி என் முட்டி பேந்த கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

தீவோட பேரு ரீயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்து வீடு. மொரீஷியஸ் போய் ஃப்ளைட் மாறினா ஒரு மணி நேரம்கூட ஆகாது. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். ஆளுறது பிரான்ஸ். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல இருந்தும் அங்கே செலவுக்கு யூரோதான். யூரோ நோட்டோட பின்பக்க மேப்புல, கீழே ஒரு ஓரத்துல புள்ளி மாதிரி இந்தத் தீவும் இருக்கும். அடுத்த முறை யாராவது காட்டினா தேடிப் பாருங்க.

தீவு முழுக்கவே எரிமலை கக்கினதுதான். ஒண்ணு கிழம், பித்தோன் தெ நேஜ். உயரம் 3,000 மீட்டரைத் தாண்டும், பல ஆயிரம் வருஷமா தூங்குது. இன்னொண்ணு பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். ஃபூர்னேஸ்னா உலை. இது தூங்குற ஜாதி இல்லை. 17ஆம் நூற்றாண்டுல இருந்து 150 தடவைக்கு மேல வெடிச்சிருக்கு. உலகத்துல ரொம்ப சுறுசுறுப்பான எரிமலைகள்ல இதுவும் ஒண்ணு.

'ஒரு நாள் ஜீப் டூர், கரடுமுரடு பாதை, கைடு உண்டு'னு போர்டைப் பார்த்ததும் எனக்குள்ள இருந்த சினிமா ஹீரோ முழிச்சுக்கிட்டான். ஜீப் பறக்கும், மண் புழுதி எழும்பும், நாம ஸ்லோ மோஷன்ல கூலிங் கிளாஸ் மாட்டுவோம்... அப்படித்தானே நினைப்போம்?

காலையில 5 மணிக்கு சேன் பியேர் ஊர்ல ஒரு பழைய லேண்ட் ரோவர் வந்து நின்னுச்சு. டிரைவரே கைடு. ஐம்பதைத் தொட்டிருப்பார். மாநிறம், நரைச்ச மீசை. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டாங்க. குடும்பப் பேரைச் சொன்னார். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற சாமி பேர்தான். பிரெஞ்சு எழுத்துக்குள்ள மாட்டி நசுங்கிப் போயிருந்துச்சு. ஆனா தமிழ் ஒரு வார்த்தை பேச வரலை.

காரணம் இருக்கு. 1848ல அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல்ல ஏத்தினாங்க. 1 லட்சத்துக்கும் மேல. அதுல பெரும்பகுதி நம்ம பக்கத்து ஜனங்க. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகம் வழியா போனவங்க நிறைய. அவங்க வம்சத்துக்கு அங்கே 'மல்பார்'னு பேரு. அஞ்சாறு தலைமுறையில பாஷை கரைஞ்சு போச்சு. கோயில் இருக்கு, தீமிதி இருக்கு, சாம்பிராணி இருக்கு. பேச்சு மட்டும் கிரியோல்.

எனக்குப் பிரெஞ்சு வராது. அவருக்கு அரைகுறை இங்கிலீஷ். ஜீப்ல பின்னாடி பாரிஸ் பக்கத்துல இருந்து வந்த ரெண்டு யூனிவர்சிட்டி பசங்க. அவங்கதான் டிரான்ஸ்லேஷன் டிபார்ட்மென்ட். அண்ணன் (நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்கு அர்த்தம் சொன்னதும் பிடிச்சுப் போச்சு) எங்க மூணு பேரையும் 'மர்மாய்'னுதான் கூப்பிட்டார். கிரியோல்ல பொடிப்பசங்கன்னு அர்த்தம். எனக்கு முப்பத்திரண்டு வயசு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு!

கிளம்பினதுமே ரூல் போட்டார். "பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்காது."

அடப்பாவி! அதுக்குத்தானே காசு கொடுத்தேன்?

புரூ முராங்கிற ஊரைத் தாண்டினதும் காட்டு இலாகா ரோடு. கொண்டை ஊசி வளைவு, மாட்டுப் பண்ணை, குளிரு. கடலோரத்துல டீ-ஷர்ட்ல இருந்தவன் ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு ஸ்வெட்டருக்குள்ள போயிட்டேன். வழியில 'மாட்டு மூக்கு'ங்கிற பேர்ல ஒரு வியூ பாயின்ட். எட்டிப் பார்த்தா கிட்டத்தட்ட 1,000 மீட்டர் கீழே ஒரு ஆத்துப் பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்துக்குள்ளேயும் சில குடும்பங்க வாழுதுன்னு விரலை நீட்டிக் காட்டினார். எனக்குத் தெரிஞ்சது பச்சைப் புள்ளிதான்.

அதைத் தாண்டி கொமெர்சோன்னு ஒரு பழைய எரிமலை வாய். அங்கே ஒரு மழைமானி இருக்கு. 2007 பிப்ரவரியில கமேடே புயல் வந்தப்போ மூணே நாள்ல 3,930 மில்லிமீட்டர் மழையை அது அளந்துச்சு. உலக சாதனை. சென்னைக்கு ஒரு வருஷத்துல பெய்யறது சராசரியா 1,400தான். அதாவது நமக்கு ஏறக்குறைய மூணு வருஷத்துக்கு வேண்டிய மழை, வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கொட்டி முடிஞ்ச மாதிரி!

அடுத்த வளைவு திரும்பினதும் பின் சீட்டுப் பசங்க ரெண்டு பேரும் வாயை மூடிட்டாங்க. நானும்தான். கீழே மணல் சமவெளி. பேருதான் மணல். உண்மையில மணலே கிடையாது. எரிமலை துப்பின கருஞ்செந்நிறச் சல்லி, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். மரம் இல்லை, வீடு இல்லை, கம்பம் இல்லை. நடுவுல ஒரே ஒரு மண்ரோடு, குண்டும் குழியுமா. செவ்வாய் கிரகத்துக்கு யாரோ பஞ்சாயத்து ரோடு போட்ட மாதிரி.

ஜீப் குலுங்கின குலுங்கல்ல எனக்கு இட்லி மாவு ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் அண்ணன் ரோட்டை விட்டு இறங்கலை. "இந்தப் பக்கம் பாரு, எவ்வளவு எடம் காலியா இருக்கு"ன்னு பின் சீட்டுல ஒருத்தன் ஆரம்பிச்சான். அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கி, ரோட்டோரத்துல குத்த வெச்சு உட்கார்ந்து காட்டினார். சல்லிக்கு நடுவுல உள்ளங்கை அளவு வெள்ளிச் செடி. மேலே ஏறினா மரம் வளரவே திணறுற உயரம். உறைபனி, வெயில், காத்து எல்லாத்தையும் தின்னுட்டு அது அந்த அளவுக்கு வர எத்தனை வருஷமோ! "காலியா இருக்குன்னு யாரு சொன்னது?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம ஏறி வண்டியை எடுத்தார்.

அந்தச் சமவெளி முடியற இடத்துல, 2,311 மீட்டர் உயரத்துல, பெல்கோம்ப் கணவாய். இங்கே ஜீப்புக்கு வேலை முடிஞ்சுது. எதிரே 'ஆன்க்ளோ'. வேலி போட்ட இடம்னு அர்த்தம். குதிரை லாடம் மாதிரி செங்குத்துச் சுவர், அதுக்குள்ள எரிமலை. பெரும்பாலான வெடிப்பு இந்த வேலிக்குள்ளேயே முடிஞ்சுடும். லாவா கிழக்குப் பக்கம் வழிஞ்சு கடலுக்குப் போயிடும். வெடிக்கப் போகுதுன்னு ஆய்வகம் எச்சரிச்சா இங்கே இருக்கிற கதவைப் பூட்டிடுவாங்க. அன்னைக்குத் திறந்திருந்துச்சு.

சுமார் 500 படி இறங்கினா லாவா மேல நடக்கலாம். வழின்னு ஒண்ணும் கிடையாது. கல்லு மேல வெள்ளை பெயின்ட் குறி. ஒண்ணைத் தொட்டு நின்னா அடுத்தது தெரியும். அவ்வளவுதான் ரூட் மேப். அண்ணன் ரெண்டாவது ரூல் போட்டார்: "அடுத்த வெள்ளைக் குறி தெரியலைன்னா நில்லு. நடக்காதே. உட்காரு."

முதல்ல ஒரு குட்டிச் செம்மண் கூம்பு வரும். 1753ல வெடிச்சு உருவானது. பேரு ஃபோர்மிக்கா லியோ. அதோட அர்த்தத்தை அந்தப் பசங்க விளக்கினப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம குழியானைங்க! சின்ன வயசுல மண்ணுல குழியைத் தேடி, எறும்பைப் போட்டு வேடிக்கை பார்ப்போமே, அந்தப் பூச்சியோட பேரு. மண்ணுல அது போடற குழி மாதிரியே மேலே பள்ளமா இருக்கிறதால வெச்சிருக்காங்க. 270 வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தனும் குழியானை பிடிச்சு விளையாடியிருக்கான் போல.

இங்கேதான் சண்டை. பசங்களுக்கு உச்சிக்குப் போகணும். தொலோமியூ பள்ளத்தை எட்டிப் பார்க்கணும். 2007 ஏப்ரல்ல வெடிச்சப்போ உள்ளே இருந்த குழம்பெல்லாம் கீழே வழிஞ்சு, உச்சியே உள்வாங்கி 300 மீட்டருக்கு மேல இறங்கிப் போன பள்ளம் அது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணா நாலு அடுக்கினாலும் மேலே எட்டிப் பார்க்காது. ஆனா போய் வர அஞ்சாறு மணி நேரம் ஆகும். அண்ணன் முடியாதுன்னார். மேகம் பத்து மணிக்கு மேல ஏறி வரும்னார். வானம் துடைச்சு விட்ட நீலம். ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் யார் பக்கம்னு நினைக்கிறீங்க? வெட்கத்தை விட்டுச் சொல்றேன், பசங்க பக்கம். "ரொம்ப பயந்தவரா இருக்காரு"ன்னு வேற சொன்னேன். நல்லவேளை, அதை யாரும் டிரான்ஸ்லேட் பண்ணலை.

கோவத்துல திரும்பி நடந்தோம். போற வழியில லாவா ஒரு இடத்துல ஜடை பின்னின மாதிரி முறுக்கி முறுக்கி உறைஞ்சிருந்துச்சு. கயிறு லாவா. சூடா, தண்ணியா ஓடினா மேல் தோல் மட்டும் ஆறி இப்படி மடிஞ்சு போகும். போட்டோ எடுக்கணும். வெள்ளைக் குறியில இருந்து இருபத்தஞ்சு அடிதான். போனேன். குனிஞ்சு நாலு ஸ்னாப். நிமிர்ந்தா...

ஒண்ணுமே இல்லை. வெள்ளை. சத்தியமா அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. நீலம் எங்கே போச்சு, கூம்பு எங்கே போச்சு, நாலு அடிக்கு அந்தப் பக்கம் கல்லே தெரியலை. கூப்பிட்டேன். பதில் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு புரியலை. இப்போ ரூல் என்ன? உட்காரணும். நான் என்ன பண்ணினேன்? 'இந்தப் பக்கம்தானே வந்தோம்'னு நடந்தேன். இருபத்தஞ்சு அடின்னு கணக்குப் போட்டு நாற்பது அடி நடந்திருப்பேன். குறி வரலை. திரும்பி நடந்தேன். இப்போ எதுல இருந்து எதுக்குத் திரும்பினேன்னே தெரியலை. அதுக்குள்ள கயிறு லாவா முடிஞ்சு இன்னொரு ஜாதிக் கல் வந்துடுச்சு. கரடு, உடைஞ்ச பாட்டில் மாதிரி. கால் உருண்டு விழுந்தேன். முட்டியும் உள்ளங்கையும் கிழிஞ்சுது.

அதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்தேன். குளிர்ல பல்லு கிட்டுது. போன்ல சிக்னல் இல்லை. ஸ்வெட்டர்ல ஒண்ணு ஜீப்புல. அம்மா முகம், கட்டாத ஈ.எம்.ஐ., பாதியில விட்ட இந்தக் காலம், எல்லாம் வரிசையா வந்து போச்சு.

விசில் சத்தம். நிறுத்தி நிறுத்தி, ஒரே இடத்துல இருந்து. நான் கத்தினேன். விசில் கிட்டே வந்துச்சு. மீசை தெரிஞ்சுது. பன்னிரண்டு நிமிஷம்னு அண்ணன் வாட்சைக் காட்டினார். எனக்கு அது ஒரு செமஸ்டர். வெள்ளைக் குறியில இருந்து நான் இருந்த தூரம், அவர் எண்ணிச் சொன்னது, அறுபது அடி.

திட்டலை. பாட்டில் தண்ணியை ஊத்திக் கையைக் கழுவி விட்டார். படியேறி மேலே வந்து காபி குடிக்கும்போதுதான் பசங்க மூலமா ஒரு விஷயம் சொன்னார். 2021 ஏப்ரல்ல எரிமலை வெடிச்சுட்டு இருந்தப்போ பார்க்கப் போன ரெண்டு மாணவர்கள் திரும்பி வரலை. மலையில சடலமாத்தான் கிடைச்சாங்க. "உங்க வயசு"ன்னு பின் சீட்டுப் பசங்களைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு மேல யாரும் உச்சியைப் பத்திப் பேசலை.

மதியச் சாப்பாடு கீழே இறங்கி, கடலோர ரோட்டுல ஒரு சின்னக் கடை. விறகடுப்பு. 'காரி'ன்னு ஒண்ணு வந்துச்சு, கறிதான். 'ரூகாய்'னு ஒண்ணு, தக்காளி மிளகாயெல்லாம் நசுக்கினது. அந்தப் பேரு நம்ம ஊறுகாயில இருந்து போனதுன்னு சொல்றாங்க. அப்புறம் ஒரு கீரை. ஒரு வாய் வெச்சதும் நிமிர்ந்துட்டேன். பேரு என்னன்னு கேட்டேன். "ப்ரேத் முருங்க்." முருங்கை! பாஷை போயிடுச்சு, முருங்கை போகலை. அண்ணனுக்கு 'முருங்கைக் கீரை'ன்னு சொல்லிக் கொடுத்தேன். 'ழ' இல்லாத வார்த்தையா இருந்ததால தப்பிச்சார்.

இன்னொரு சொந்தமும் இருக்கு, கேளுங்க. இந்தத் தீவுக்கு அடியில இருக்கிற அதே நெருப்புதான் ஏறக்குறைய 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம தக்காணத்துல லாவாவா கொட்டுச்சுன்னு புவியியல்காரங்க சொல்றாங்க. அப்போ இந்தியா அதுமேல இருந்துச்சு. நாம வடக்கே நகர்ந்து வந்துட்டோம். அடுப்பு அங்கேயே நின்னுடுச்சு. வர்ற வழியில மாலத்தீவு, மொரீஷியஸ்னு தோசை வார்த்துட்டு, இப்போ ரீயூனியன்ல வார்த்துட்டு இருக்கு. அஜந்தா, எல்லோரா குகையெல்லாம் குடைஞ்சாங்களே, அந்தக் கருங்கல்லு இந்த அடுப்போட பழைய தோசை.

சாப்பிட்டு முடிச்சுக் கரும்புக் காட்டு மண்பாதையில கொஞ்ச நேரம் குலுங்கிட்டு, லாவா ரோட்டுக்கு வந்தோம். தீவைச் சுத்தி வர்ற மெயின் ரோடுதான். எரிமலை வழிஞ்சு கடலுக்குப் போற இடத்தைக் குறுக்கே கடக்குது. ரோட்டோரத்துல ஒவ்வொரு லாவாவுக்கும் போர்டு. 2002, 2004, இப்படி. நம்ம ஊர்ல கிலோமீட்டர் கல்லு மாதிரி வருஷக் கல்லு. லாவா வரும், ரோட்டை மூடும், ஆறினதும் மேலேயே ரோடு போடுவாங்க.

'2007'ங்கிற போர்டு பக்கத்துல வண்டி நின்னுச்சு. மத்ததெல்லாம் ஒரு ஓடைன்னா இது ஆறு. வெடிச்சது மலை உச்சியில இல்லை. கடலுக்குக் கிட்டே, சுமார் 600 மீட்டர் உயரத்துல வாய் திறந்துச்சு. 1,100 டிகிரிக்கு மேல சூடா இருக்கிற குழம்பு கடல்ல விழுந்து, கடலைத் தள்ளிட்டு நிலமாச்சு. பல வருஷம் வரைக்கும் மழை விழுந்தா இந்தக் கல்லுல இருந்து ஆவி கிளம்புமாம். பக்கத்துலேயே பச்சை கலந்த கருமணல் பீச் ஒண்ணும் முளைச்சுது. பச்சை எதுக்குன்னா ஆலிவின்கிற தாது.

அதுமேல நின்னு நான் சொன்ன அந்தப் போட்டோ. நிக்கப் போனப்போ அண்ணன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். கீழே பார்த்தேன். கருங்கல்லு மேல சாம்பல் நிறத்துல நுரை மாதிரி ஏதோ. லைக்கன். புதுசா ஆறின லாவாவுல முதல்ல குடி வர்றது அதுதான். அது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், அப்புறம் பெரணிச் செடி வரும், அப்புறம் மரம். பக்கத்துல இருந்த பழைய லாவாவுல மரமே நின்னுச்சு. இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசலை. காலைத் தள்ளி வெச்சேன்.

கொஞ்சம் தள்ளிப் போனா ஒரு சர்ச். 1977 ஏப்ரல்ல லாவா வேலியைத் தாண்டி வெளியே வெடிச்சு ஊருக்குள்ளேயே வந்துடுச்சு. ஜனங்களை வெளியேத்தினதால உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போச்சு. சர்ச் வாசப்படிக்கு வந்த லாவா அங்கேயே உறைஞ்சு நின்னுடுச்சு. இப்பவும் கட்டடத்தைச் சுத்திக் கருங்கல்லா இருக்கு. அற்புதம்னு ஒரு கட்சி, சரிவு அப்படின்னு ஒரு கட்சி. அந்த வெடிப்புக்கு அப்புறம்தான், 1979ல, மலையைக் கண்காணிக்க ஆய்வகமே வந்துச்சு.

திரும்பும்போது இருட்டிடுச்சு. அண்ணன் அவராவே பேசினார். 2007ல லாவா வந்தப்போ பக்கத்து ஊரான த்ரொம்ப்ளேயைக் காலி பண்ணச் சொன்னாங்க. அவர் வீடு அங்கேதான். அவர் மனைவிக்கு எட்டாவது மாசம். வானமெல்லாம் சிவப்பு, மூச்சு விட்டா கந்தக நாத்தம். இதே மாதிரி ஒரு வண்டியில வயித்துப் பிள்ளைக்காரியையும், அம்மாவையும், சாமி படத்தையும் ஏத்திட்டு வந்துட்டார். வீடு தப்பிச்சுது. மே மாசம் பெண் குழந்தை.

"அப்போ அந்தக் கல்லும் உங்க பொண்ணும் ஒரே வயசு!"ன்னேன்.

"ஒரு மாசம் கல்லுதான் மூத்தது."

"ரெண்டுல யாரு நல்லா வளர்றாங்க அண்ணே?"

பின் சீட்டுப் பையன் அதை டிரான்ஸ்லேட் பண்ணி முடிக்கிறதுக்குள்ளேயே சிரிச்சுட்டார். "கல்லு பரவாயில்லை. இவ ஸ்கூட்டர் கேட்கிறா."

அடுத்த வாரம் வேற ஊர்ல மீட் பண்ணலாம், ஃப்ரெண்ட்ஸ்!